நான்கு டிகிரி தாங்காத பூ

தக்காளிச் செடி வெயிலுக்கு எளிதில் அஞ்சுவதில்லை. வேரில் ஈரம் இருந்தால் 35 டிகிரி பகலிலும் இலை வாடாமல் நிற்கும், கொழுந்து விடும், கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆனால் செடி பிழைப்பதற்குப் போதுமான சூழல் பூ காயாவதற்குப் போதாது. பகலையும் இரவையும் சேர்த்த அன்றாடச் சராசரி வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 29 டிகிரிக்கு ஏறும்போது காய்ப்பிடிப்பும், காய்க்குள் இருக்கும் விதைகளின் எண்ணிக்கையும் படிப்படியாகச் சரிகின்றன. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரி பீட்டும் அவருடைய குழுவினரும் 1990களில் வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட கூடங்களில் செடிகளை வளர்த்து இதை அளந்து காட்டினார்கள். பகலில் 32, இரவில் 26 என்று இருந்தாலே அந்த 29 வந்துவிடுகிறது.

நம் சமவெளிக் கோடைக்கு இது மிதமான கணக்கு. மே மாதத்தில் சென்னையின் சராசரி இரவு வெப்பநிலையே 27 டிகிரிக்கு மேல். பகலைச் சொல்லவே வேண்டியதில்லை. சமவெளியில் கோடைத் தக்காளி ஒவ்வோர் ஆண்டும் இந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோதான் பூக்கிறது. புவி வெப்பமாகும் ஒவ்வொரு பத்தாண்டிலும் அந்த எல்லையைத் தாண்டும் நாட்கள் கூடும். அதைத் தாங்கும் மரபணுக்கள் தக்காளியில் அரிதாக இருக்கின்றன, பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றுசேர்க்கக் கடினமாக இருக்கின்றன. ஆகவே ரகங்களை மாற்றும் வேலையை நெருக்கடி வந்த பிறகு தொடங்கினால் அது காலம் கடந்த வேலையாகிவிடும்.

மொட்டுக்குள் நடக்கும் சேதம்

பூ கொட்டுவதைப் பார்க்கும் விவசாயி அன்றைய வெயிலைக் குறை சொல்வது இயல்பு. உண்மையில் சேதம் அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பூ விரிவதற்கு 8 முதல் 13 நாட்களுக்கு முந்தைய காலம்தான் தக்காளிக்கு ஆபத்தானது என்று வட கரோலினாவில் நடந்த தொடர் ஆய்வுகள் கண்டன. அப்போது மொட்டு மிகச் சிறியது, பச்சை நிறம் மாறாதது. அதற்குள் மகரந்தத் தாய்ச் செல்கள் குன்றல் பகுப்பு அடைந்து இளம் மகரந்தத் துகள்களாகப் பிரிந்துகொண்டிருக்கும்.

இந்தத் துகள்களுக்கு உணவூட்டுவது மகரந்தப்பையின் உட்சுவரில் இருக்கும் டபீட்டம் என்ற திசு. வெப்பம் மிகும்போது டபீட்டம் முறையாக வளர்வதில்லை, வேளை தவறிச் சிதைகிறது. அத்துடன் சர்க்கரைக் கணக்கும் குலைகிறது. சாதாரண நிலையில் பூ விரிவதற்கு 3 நாட்களுக்கு முன் மகரந்தத் துகள்களில் மாவுச்சத்து நிரம்பியிருக்கும், பூ விரியும் வேளையில் அது சர்க்கரையாக மாறி, மகரந்தக் குழாய் வளரத் தேவையான ஆற்றலைத் தரும். வெப்பத்தில் வளர்ந்த செடிகளில் இந்தச் சேமிப்பே நடப்பதில்லை என்று இஸ்ரேல், அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பூ வெளிப்பார்வைக்கு மஞ்சளாக, முழுமையாக விரியும். உள்ளே இருக்கும் மகரந்தம் முளைக்க வலுவில்லாத வெறும் தூளாக இருக்கும்.

குறை ஆண் பாகத்திலா பெண் பாகத்திலா என்ற கேள்விக்கும் விடை உண்டு. மகரந்தம் உண்டாகாத ஆண் மலட்டுச் செடிகளையும், மகரந்தம் தரும் செடிகளையும் தனித்தனி வெப்பநிலைகளில் வளர்த்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் இட்டு 1998இல் பீட் குழுவினர் சோதித்தார்கள். மகரந்தம் உருவான காலத்தின் வெப்பநிலையே முடிவைப் பெரிதும் தீர்மானித்தது. சூற்பையும் பாதிக்கப்படும், ஆனால் முதலில் தோற்பது மகரந்தம்.

மூன்றாவது ஒரு கோளாறும் உண்டு. தக்காளிப் பூவில் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பு போல நிற்கும். சூலகமுடி அந்தக் கூம்புக்குள் அடங்கியிருப்பதால், பூ அசைந்தாலே அதன் மகரந்தம் சூலகமுடியின் மேல் விழும். கடும் வெப்பத்தில் சூலகத்தண்டு கூம்பைத் தாண்டி வெளியே நீண்டுவிடுகிறது. நல்ல மகரந்தம் இருந்தாலும் போய்ச் சேராது. சூலகமுடி காய்ந்து பூ உதிரும்.

இரவின் பங்கு இங்கே முக்கியம். கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபிரிட்ஸ் வெண்ட் 1944இலேயே தக்காளியின் காய்ப்பு இரவு வெப்பநிலையோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டினார். இரவு 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும்போது காய்ப்பு சிறப்பாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் பகலும் இரவும் சேர்ந்த சராசரியே அடிப்படை என்று திருத்திச் சொன்னாலும் நடைமுறையில் பொருள் ஒன்றுதான். பகல் 34 டிகிரிக்குப் போனாலும் இரவு 18க்கு இறங்கினால் சராசரி 26, பயிர் தப்பும். அதே பகலுக்கு இரவு 26இல் நின்றுவிட்டால் சராசரி 30, பயிர் தப்பாது. குளிரும் இரவுதான் தக்காளிக்குக் கோடையில் இருக்கும் ஒரே இயற்கைக் காப்பு. அந்தக் காப்பு குறைந்துகொண்டே வருகிறது.

எட்டு வாரம் தாமதமாக வரும் செய்தி

பூவிலிருந்து பழுத்த பழம் வர 40 முதல் 45 நாட்கள் ஆகும். மொட்டில் நடந்த சேதத்தின் 8 முதல் 13 நாட்களையும் சேர்த்தால், வெப்பம் தாக்கிய நாளுக்கும் மண்டியில் வரத்துக் குறையும் நாளுக்கும் இடையே ஏழெட்டு வாரங்கள். ஏப்ரல் கடைசியில் மொட்டுகளைக் கெடுத்த வெப்பம் ஜூன் நடுவில் விலையாகத் தெரியும். அந்த நேரத்தில் மழை பெய்துகொண்டிருக்கலாம், மேகம் மூடியிருக்கலாம். விலை ஏன் ஏறியது என்று கேட்பவர்களின் கண்ணில் உண்மையான காரணம் படாமலே போவதற்கு இந்தத் தாமதம் ஒரு காரணம்.

2023 ஜூலையில் நாடு முழுவதும் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, சில நகரங்களில் 200 ரூபாயையும் தொட்டது. தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையின் நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த விலையேற்றத்துக்கு வெப்பம் மட்டுமே காரணம் என்று சொன்னால் தவறாகும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய்களும், அதற்கு முந்தைய மாதங்களின் விலை வீழ்ச்சியால் பலர் சாகுபடியைக் குறைத்ததும், மழையும் சேர்ந்தே அதை உண்டாக்கின. ஆனால் அதே காலம் வெப்பத்தில் சாதனை படைத்த காலம் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1901இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து இந்தியாவின் மிக வெப்பமான மார்ச் 2022இல் வந்தது. அதுவரையிலான மிக வெப்பமான பிப்ரவரி 2023இல் வந்தது. வெப்பம் தனியாக வருவதில்லை. வெள்ளை ஈயைப் பெருக்குகிறது, நீர்த் தேவையைக் கூட்டுகிறது, அதே நேரத்தில் காய்ப்பிடிப்பையும் குறைக்கிறது. ஏற்கெனவே மெலிந்திருக்கும் வரத்தில் காய்ப்பிடிப்புக் குறைந்தால் விலை சிறிதாக ஏறாது, பாய்ந்து ஏறும்.

இது நம் நாட்டுக் கவலை மட்டுமல்ல. பதப்படுத்தும் தக்காளியில் உலக உற்பத்தியின் ஏறத்தாழ 65 சதவீதத்தைத் தருபவை அமெரிக்கா, இத்தாலி, சீனா. வெப்பநிலை உயர்வால் இந்த மூன்று நாடுகளின் உற்பத்தி 2050க்குள் 6 சதவீதம் குறையக்கூடும் என்று 2022இல் நேச்சர் ஃபுட் இதழில் வந்த கணிப்பு கூறுகிறது. குளிர்ந்த இரவுகளை உடைய நாடுகளுக்கே இந்தக் கணக்கு என்றால், ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வெப்ப நாடுகளின் நிலையை ஊகிக்கலாம்.

குறுகிப்போன மரபு

தக்காளியின் காட்டு உறவினங்கள் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பெரு, ஈக்வடார், சிலி நாடுகளின் கடலோரப் பாலையிலிருந்து ஆண்டிஸ் மலை உயரங்கள் வரை பரவியிருக்கின்றன. பயிராக அது மெக்சிகோவில் உருப்பெற்றது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கையோடு ஐரோப்பா போனது, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் விதைதான் போனது. அதனால் இன்று வயல்களில் இருக்கும் பயிர்த் தக்காளிகளின் மரபியல் வேறுபாடு, காட்டு உறவினங்களில் இருப்பதில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று கணிக்கப்படுகிறது.

பயிராக்கிய காலத்தில் நாம் தேர்ந்தெடுத்தவையும் ஒருபக்கமானவை. சூலகத்தண்டு நீளத்தை ஆளும் ஸ்டைல் 2.1 என்ற மரபணுவை 2007இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் டாங்ஸ்லி குழு கண்டறிந்தது. காட்டுத் தக்காளியில் சூலகத்தண்டு வெளியே நீண்டு அயல் மகரந்தத்துக்குக் காத்திருக்கும். பயிர்த் தக்காளியில் இந்த மரபணுவின் செயல் குறைந்ததால் தண்டு கூம்புக்குள் அடங்கியது, தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் குணம் உறுதியானது. விளைச்சல் சீரானது இதனால்தான். ஆனால் தன் மகரந்தத்தை மட்டுமே நம்பும் பூவுக்கு, அந்த மகரந்தம் கெட்டால் மாற்று வழி குறைவு.

அடுத்து வந்த நூறாண்டில் விதை உற்பத்தியாளர்கள் பழத்தின் அளவு, கெட்டித்தன்மை, வண்டியில் நசுங்காமல் போய்ச் சேருவது, நோய் எதிர்ப்பு ஆகியவற்றுக்காகத் தேர்வு செய்தார்கள். சூடான இரவில் காய்க்கிறதா என்பது அந்தப் பட்டியலில் பின்னால்தான் இருந்தது.

நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை

வெப்பம் தாங்கும் தக்காளியைப் பெரிய அளவில் தேடியது தைவானில் 1971இல் தொடங்கப்பட்ட ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையம். இன்று அது உலகக் காய்கறி மையம் எனப்படுகிறது. உலகெங்குமிருந்து சேர்த்த 4,000க்கும் மேற்பட்ட தக்காளி மாதிரிகளை அவர்கள் 1970களில் கோடை வெப்பத்தில் வளர்த்துச் சோதித்தார்கள். வெப்பத்தில் நன்றாகக் காய்த்தவை 100க்கு 1 என்ற அளவுக்குக்கூட வரவில்லை. அப்படித் தேறியவற்றிலும் பெரும்பாலானவை சிறிய பழம் தருபவை. சந்தைக்கு ஏற்ற பெரிய, கெட்டியான பழங்களோடு அவற்றைக் கலந்தபோது ஒன்று கிடைத்தால் மற்றொன்று நழுவியது. பழம் பெரிதானால் காய்ப்பிடிப்புக் குறைந்தது, காய்ப்பிடிப்பைப் பிடித்து வைத்தால் பழம் சிறுத்தது.

பிலிப்பைன்ஸின் நாகர்லாங், தைவான் மையத்தின் சிஎல் 5915, மெக்சிகோவின் தமவுலிபாஸ், மாலிந்த்கா 101 போன்ற சில பெயர்களே ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. உலகம் முழுவதும் வெப்பம் தாங்கும் தக்காளி ஆய்வு இப்படிப்பட்ட விரல்விட்டு எண்ணக்கூடிய மூலங்களின் மேல்தான் நிற்கிறது. இவற்றில் சில, அந்தந்த ஊர் உழவர்கள் சூடான பருவத்திலும் காய்த்த செடியிலிருந்து விதை எடுத்துவைத்த பழைய ரகங்களும் அவற்றின் வழிவந்தவையும்தான். நாட்டு ரகங்களைப் பாதுகாப்பது பழம்பெருமைக்காகச் செய்யும் காரியம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாளைக்குத் தேவைப்படும் மரபணு எந்த ஊர்க் கொல்லையில் இருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது.

ஒற்றை மரபணு கிடையாது

இலைச்சுருட்டு வைரஸ் விஷயத்தில் தக்காளி ஆய்வு வேகமாக முன்னேறியது. காட்டு இனங்களிலிருந்து டிஒய்-1, டிஒய்-2, டிஒய்-3 போன்ற எதிர்ப்பு மரபணுக்கள் எடுக்கப்பட்டன. இவற்றில் டிஒய்-2 இந்தியாவில் உருவான எச் 24 என்ற வரிசையின் வழியாகவே உலகுக்குப் போனது. ஒரு மரபணு, தெளிவான விளைவு. ஆய்வகத்தில் இலைத்துண்டைச் சோதித்தாலே நாற்றுப் பருவத்தில் அந்த மரபணு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வெப்பத்தில் காய்ப்பது அப்படிப்பட்ட குணம் அல்ல. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாகர்லாங் ரகத்தை மூலமாகக் கொண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், மகரந்தத்தின் உயிர்ப்பு, மகரந்தத்தின் எண்ணிக்கை, சூலகத்தண்டு வெளியே நீளுதல், பூக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஆளும் மரபணுப் பகுதிகளைத் தனித்தனியே தேடினார்கள். அவை வெவ்வேறு குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தன, பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதாவது மகரந்தம் உயிரோடு இருக்கச் செய்யும் பகுதி கிடைத்தாலும், மகரந்தம் போதிய அளவு உண்டாகச் செய்யும் பகுதியைத் தனியே சேர்க்க வேண்டும். தண்டு நீளாமல் காப்பது இன்னொரு பகுதி. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. வயலில் ஒரு பருவத்தின் வெப்பம் அடுத்த பருவத்தில் திரும்ப வராததால், நல்ல செடி என்று தேர்ந்தெடுத்தது மரபினால் நன்றாக இருந்ததா, அந்த வாரம் மேகம் மூடியதால் நன்றாக இருந்ததா என்பதைப் பிரித்தறிவதும் கடினம்.

செடியின் பொதுவான வெப்பக் காப்பை ஆளும் மரபணுக்களும் தெரியும். எச்எஸ்எஃப்ஏ1 என்ற மரபணு தக்காளியின் வெப்பத் தற்காப்புக்குத் தலைமை தாங்குகிறது என்று ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2002இல் நிறுவினார்கள். அதை அடக்கிய செடிகள் வெப்பத்தில் மிக எளிதில் கருகின. அதன் துணையான எச்எஸ்எஃப்ஏ2, மகரந்தம் உருவாகும் இளம் பருவத்தில் காப்புப் புரதங்களை முன்கூட்டியே தயார்செய்து வைக்கிறது. இதை அடக்கினால் வெப்பத்துக்குப் பின் உயிரோடு இருக்கும் மகரந்தம் குறைகிறது என்று 2016இல் அதே ஊர்க் குழு காட்டியது. இவற்றின் செயலைக் கூட்டினால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். இந்தக் காப்பு செடிக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. எப்போதும் தற்காப்பில் நிற்கும் செடி வளர்ச்சிக்கும் விளைச்சலுக்கும் செலவிட வேண்டியதைக் குறைத்துக்கொள்ளும்.

2012இல் வெளியான தக்காளி மரபணுத் தொகுதியின் வரைபடத்தில் ஏறத்தாழ 35,000 மரபணுக்கள் உள்ளன. பன்னிரண்டு குரோமோசோம்களில் ஐந்தாவதை வரிசைப்படுத்தியது இந்திய ஆய்வாளர்களின் குழு. வரைபடம் கையில் இருக்கிறது, அதில் பங்கும் நமக்கு உண்டு. ஆனால் வரைபடத்தில் இடங்களைக் காண்பதற்கும், அவற்றை ஒரே ரகத்தில் சேர்த்து விவசாயி கையில் விதையாகக் கொடுப்பதற்கும் இடையே பல பருவங்களின் வயல் வேலை இருக்கிறது. வழக்கமான முறையில் ஒரு ரகம் உருவாகப் பத்தாண்டுகள் ஆவது சாதாரணம்.

மகரந்தம் இல்லாமலே காய்ப்பது

மகரந்தம்தான் பலவீனம் என்றால் அதைத் தவிர்த்துவிட்டுக் காய்க்கச் செய்ய முடியுமா என்ற எண்ணத்தில் பிறந்தது மற்றொரு வழி. மகரந்தச் சேர்க்கை நடந்ததும் சூற்பையில் ஆக்சின், ஜிப்ரலின் என்ற ஹார்மோன்கள் கூடி, அதுவரை சூற்பையை வளரவிடாமல் வைத்திருந்த பிரேக் விலகுகிறது. அந்தப் பிரேக்காக வேலைசெய்யும் மரபணு பழுதானால், மகரந்தம் வராமலே சூற்பை வளர்ந்து விதையில்லாப் பழமாகும்.

இப்படிப்பட்ட மரபணு மாற்றங்கள் தக்காளியில் இயற்கையாகவே கிடைத்திருக்கின்றன. பேட்-2 என்ற மாற்றம் ரஷ்யாவின் செவெரியானின் என்ற ரகத்திலிருந்து வந்தது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும்போதும் தக்காளியின் மகரந்தம் கெடுகிறது என்பதால், குளிர் நாட்டில் பயன்பட்ட அதே குணம் வெப்ப நாட்டுக்கும் பொருந்துகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்துக்காக வெளியிட்ட பூசா ஷீத்தல் போன்ற ரகங்கள், வெப்பநிலையின் குளிர் முனையிலும் காய்ப்பிடிப்பைத் தேர்வு செய்ய முடியும் என்பதற்குச் சான்று. ஐஏஏ9, ஏஆர்எஃப்7 ஆகிய மரபணுக்களை முடக்கினாலும் விதையில்லாக் காய் பிடிக்கும் என்று பின்னர் தெரிந்தது. 2017இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள், வெப்பத்திலும் காய்த்த ஒரு செடியை ஆராய்ந்து ஏஜிஎல்6 என்ற மரபணுவின் பழுதே அதற்குக் காரணம் என்று கண்டார்கள். கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் அந்த மரபணுவைத் திருத்தியபோதும் அதே விளைவு கிடைத்தது. இதன் சிறப்பு, பழத்தின் எடையும் வடிவமும் பெரிதாகக் கெடுவதில்லை, மகரந்தம் நன்றாக இருக்கும் பருவத்தில் விதையும் வைக்கிறது.

இது உண்மையான நம்பிக்கை தரும் பாதை. ஆனால் முழுத் தீர்வு என்று எண்ணிவிடக் கூடாது. இந்த மாற்றங்களில் சிலவற்றில் இலையின் வடிவம் மாறுகிறது, பழம் பொள்ளலாகிறது அல்லது சிறுக்கிறது. விதையே இல்லாத பழத்தில் விதையைச் சுற்றிய சாறும் குறையும், நம் சமையலில் அந்தப் புளிப்புச் சாற்றுக்கு இடம் உண்டு. விதை உற்பத்தி செய்யவே குளிர்ந்த பருவமோ ஊரோ வேண்டும். வெப்பம் இலையையும் வேரையும் பழத்தின் நிறத்தையும் பாதிக்கும் மற்ற வழிகளை இது தொடுவதில்லை. 30 டிகிரிக்கு மேல் பழுக்கும் தக்காளியில் சிவப்பு நிறமி குறைந்து மஞ்சள் பாய்வதைச் சந்தையில் எவரும் காணலாம்.

மரபணுத் திருத்தத்துக்கான சட்ட வழி இந்தியாவில் இப்போது திறந்திருக்கிறது. வெளி மரபணு எதையும் சேர்க்காத சில வகைத் திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மரபணு மாற்றப் பயிர் விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. ஜப்பானில் 2021இலேயே கிரிஸ்பர் தக்காளி ஒன்று சந்தைக்கு வந்துவிட்டது, ஆனால் அதன் நோக்கம் சத்தைக் கூட்டுவது. கருவி கையில் இருக்கிறது. எதைத் திருத்துவது என்று தீர்மானிக்கும் வயல் தரவுதான் மெலிவாக இருக்கிறது.

நம் வயலில் உள்ள இடைவெளி

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல், திருப்பூர், கோவை மாவட்டங்கள் தமிழ்நாட்டின் தக்காளிக்கு ஆதாரம். ஓசூர் மேட்டுநிலத்தின் குளிர்ந்த இரவும், ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பகுதிகளின் வரத்தும் கோடையில் நம்மைத் தாங்குகின்றன. இந்த உயரமான பகுதிகளின் இரவும் சூடானால் சென்னையின் கோயம்பேட்டுச் சந்தைக்கு மாற்று வழி இல்லை. நில அமைப்பு தரும் காப்புக்கு ஓர் எல்லை உண்டு.

விவசாயி வாங்கும் விதைப் பொட்டலத்தில் முளைப்புத்திறன் இருக்கும், தூய்மை இருக்கும், காலாவதித் தேதி இருக்கும். எந்த இரவு வெப்பநிலை வரை காய்க்கும் என்ற தகவல் இருக்காது. ‘வெப்பம் தாங்கும்’ என்ற சொல் மட்டும் விளம்பரத்தில் இருக்கும். செடி வாடாமல் நிற்பதும் வெப்பம் தாங்குவதுதான், பூ காயாவதும் வெப்பம் தாங்குவதுதான். விவசாயிக்குப் பணம் தருவது இரண்டாவது. பொட்டலத்தில் எது சொல்லப்படுகிறது என்பதைப் பிரித்துக் கேட்க இன்று அவருக்கு வழியில்லை.

காய்ப்பிடிப்புக்கு ஹார்மோன் தெளிப்பது பலருக்கும் பழக்கம். சூற்பை நல்ல நிலையில் இருந்தால் அது சில கொத்துகளைக் காப்பாற்றும். அளவு தவறினால் பழம் கோணலாகும், உள்ளே பொள்ளலாகும். நிழல்வலை, சொட்டுநீர், நிலப்போர்வை ஆகியவை வெப்பத்தை ஓரளவு குறைக்கும். இவை எல்லாம் அவசரத்துக்கு உதவுபவை. தாங்காத மரபணுவைத் தாங்கச் செய்யும் வலு இவற்றுக்குக் கிடையாது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. வேளாண் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு ஹைபிரிடையும் ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியில் வளர்த்து, மகரந்த உயிர்ப்பையும் காய்ப்பிடிப்பையும் இரவு வெப்பநிலையோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மகரந்த உயிர்ப்பை அறிய அசிட்டோகார்மின் சாயமும் ஒரு சாதாரண நுண்ணோக்கியும் போதும், இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. விதை நிறுவனங்கள் காய்ப்பிடிப்பு வெப்ப எல்லையைப் பொட்டலத்தில் எழுத வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த வேண்டும். கிராமங்களில் இன்னும் எஞ்சியிருக்கும் நாட்டுத் தக்காளி விதைகளைச் சேகரித்து, கோடையில் காய்க்கும் தன்மைக்காகவே சோதிக்க வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். வயலில் குறைந்தபட்ச வெப்பநிலை காட்டும் ஒரு வெப்பமானியை வையுங்கள், இரவுக் கணக்கைக் குறித்து வாருங்கள். பூ கொட்டினால் அன்றைய வெயிலைப் பார்க்காமல், அதற்கு முந்தைய பத்துப் பதின்மூன்று நாட்களின் இரவைப் பாருங்கள். சிறுத்த பழத்தைக் குறுக்கே வெட்டி விதையைப் பாருங்கள். விதை மிகக் குறைவாக இருந்தால் குறை மகரந்தத்தில் இருக்கக்கூடும், கூடுதல் உரம் அதைச் சரிசெய்யாது. அடுத்த பருவத்துக்கு நாற்று விடும் நாளை அதற்கேற்ப மாற்றுங்கள். விதை விற்பவரிடம் இந்த ரகம் இரவு 26 டிகிரியில் காய்க்குமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அந்தக் கேள்வி ஆயிரம் கடைகளில் எழுந்தால் விதை நிறுவனங்கள் அதற்கு விடை தேடியே ஆக வேண்டும்.

ஒரு ரகம் உருவாகப் பத்தாண்டுகள் ஆகும். 2035ஆம் ஆண்டின் கோடைக்குத் தேவையான தக்காளிக்கு இன்றே கலப்பு தொடங்கியிருக்க வேண்டும்.